ஃபார்கோ டிராப் ஆர்முக்கு ஏத்த புல்லர் கெடைச்சுருச்சுங்க!

வணக்கமுங்க, எல்லாரும் சௌக்கியமா? மொதல்ல இதைப் பாருங்க. கேமராகிட்ட கொண்டாறேன், தெரியுதுங்களா? ஒத்தக் கையில ரொம்ப நேரம் புடிக்க முடியாது, அத்தன கனம். டிராப் ஆர்ம் புல்லர், ஸ்டியரிங் பாக்ஸுல இறுகிக் கெடக்கற டிராப் ஆர்மை இழுத்துக் கழட்டற டூல். நம்ம பழைய ஃபார்கோ லாரிக்குன்னே செஞ்சது. நெம்ப சந்தோசமா இருக்குதுங்க.

போன வீடியோவுல ஸ்டியரிங் ஆட்டத்தைக் காட்டியிருந்தனல்லங்க, கால் சுத்து சுத்துனதுக்கப்புறந்தான் டயரே அசையும். அதைச் சரி பண்ணோணும்னா ஸ்டியரிங் பாக்ஸை எறக்கோணும். பாக்ஸை எறக்கோணும்னா டிராப் ஆர்ம் கழண்டு வரோணும். அங்கதான் வேலை அப்படியே நின்னு போச்சு.

புதுசா வந்தவங்களுக்காகச் சொல்லிப்போடறேன். பாக்ஸுல இருந்து ஒரு ஷாஃப்ட் வெளிய வருமுங்க, அதோட நுனியில இந்த ஆர்ம் உக்காந்திருக்கும். ஆர்மோட அடுத்த முனைதான் டிராக் லிங்க்குங்கற நீட்டுக் கம்பியை முன்னால பின்னால தள்ளி வீலைத் திருப்பும். அந்த ஷாஃப்ட் நுனி சும்மா உருண்டையா இருக்காது. பல்லு வெட்டி, நுனிக்குப் போகப் போக சிறுத்துக்கிட்டே வரும். பெரிய நட்டைப் போட்டு இறுக்கறப்ப ஆர்ம் அந்தச் சரிவுல ஏறிக் கவ்விக்கும். அத்தன வருசம் சேறு, தண்ணி, துருன்னு பாத்ததுக்கப்புறம் நட்டைக் கழட்டுனா மட்டும் அது வந்துருமா?

கமெண்டுல பாதிப் பேரு "சம்மட்டியில ரெண்டு போடுங்கண்ணா"ன்னு எழுதியிருந்தீங்க. போட மாட்டேனுங்க. இது வார்ம் அண்டு ரோலர் பாக்ஸ், உள்ள திருகு மாதிரி வார்ம் சுத்தும், அதுல ரோலர் உருளும். ஷாஃப்ட் நுனியில அடிச்சா அந்த அடி நேரா உள்ள போயி ரோலர்லயும் பேரிங்லயும் எறங்கும், குழி விழுந்துரும். மரையும் நசுங்கிப் போகும். ஆட்டத்தைக் கொறைக்க வந்த எடத்துல ஆட்டத்தை எச்சா பண்ணிப்போட்டுப் போறதா? இன்னும் கொஞ்சம் பேரு "கேஸ் வெச்சுக் காச்சுங்க"ன்னீங்க. அது இன்னும் மோசம். ஆயில் சீல் அப்பவே வெந்து போயிரும். ஆர்மு ஃபோர்ஜிங் பண்ணிப் பதம் போட்ட இரும்பு, செவக்கக் காச்சுனா அந்தப் பதம் போயிரும். ஓடற லாரியில டிராப் ஆர்ம் முறிஞ்சா ஸ்டியரிங்கைப் புடிச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருக்க வேண்டியதுதான், வீலு அது பாட்டுக்குப் போகும். எங்க பட்டறையில அந்த வேலை நடக்காதுங்க.

மூணு கால் புல்லர் நம்மகிட்ட இருக்குது, பழைய வீடியோவுல பாத்திருப்பீங்க. அது இதுக்கு ஆகாது. ஆர்முக்கும் பாக்ஸுக்கும் நடுவுல ஒரு வெரலு போற சந்துதான் இருக்குது, அந்தத் தடிச்ச காலு அதுக்குள்ள நுழையாது. தேச்சுச் சின்னதாக்கி நுழைச்சாலும் ஆர்மோட பொறத்தால பக்கம் உருண்டையா இருக்கறதால வழுக்கிக்கிட்டு வந்துரும்.

இதுக்குன்னு இருக்கறது இந்த மாதிரி பொளந்த வாய் வெச்ச புல்லர்தானுங்க. வாய் ஷாஃப்ட்டை விட அகலமா இருக்கோணும், ஆர்மோட தலையை விடச் சிறுத்து இருக்கோணும். அவ்வளவுதான் சூட்சுமம். வாயளவு தப்புனா அது வெறும் இரும்புக் கட்டி.

இப்ப ஆன்லைன்ல ஒரு புல்லர் வாங்குன கதைக்கு வாறேன். பேரு சொல்லல. "கனரக வாகனத்துக்கானது"ன்னு பெருசாப் போட்டு வெலை 2,450 ரூவா. வாயளவு எங்கயுமே போடல. சரின்னு வாங்குனேன். வந்ததைப் பிரிச்சு வெர்னியர் அளவுகோல் வெச்சுப் பாத்தா வாய் 33 மில்லிமீட்டர். நம்ம ஷாஃப்ட் 38 மில்லி! 33 மில்லி காருக்கும் ஜீப்புக்குமான அளவுங்க. லாரிப் படத்தைப் போட்டு காரு சாமானை விக்கறாங்க. திருப்பி அனுப்பறேன்னா கூரியர் காசு 280 ரூவா நான் கட்டோணுமாம். ஏனுங்க, அளவு போடாம வித்தது நீங்க, 280 ரூவா மட்டும் எங்கூட்டுதா? கட்டித்தான் அனுப்புனேன். அந்த 280 ரூவா இன்னும் வயித்தெரிச்சலா இருக்குது. டூல் விக்கறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்றேன், படம் வேண்டாமுங்க, அளவைப் போடுங்க.

அதுக்குப் பொறவு கோயமுத்தூர் உக்கடம் பழைய இரும்புக் கடைகள்ல தேடுனேன். கெடைக்கல, ஆனா ஒரு நல்ல இஞ்ச் சைஸ் பாக்ஸ் ஸ்பானர் மாட்டுச்சு, அதைத் தனியாக் காட்டறேன். அப்பறந்தான் சங்ககிரியில ஒரு பெரியவரைப் பத்திச் சொன்னாங்க. லாரிக்காரங்க ஊரல்லங்க அது, பழைய மேஸ்திரிங்க இன்னும் இருக்கறாங்க. பம்பாய் குர்லாவுல பிரீமியர் கம்பெனி ஃபார்கோவும் டாட்ஜும் செஞ்சுக்கிட்டிருந்த காலத்துல இருந்தே அதுல வேலை பாத்தவரு. பொட்டியத் தொறந்து எடுத்தாரு பாருங்க, அசல் புல்லர்! எண்ணெய் தடவி சாக்குத் துணியில சுத்தி வெச்சிருந்தாரு. வெலைக்குக் கேட்டேன். "இது வெலைக்கு இல்லீங் கண்ணு, அளவெடுத்துக்க"ன்னுட்டாரு. அவரு குடுத்த காபிக்கும் அந்த அளவுக்கும் நான் கடன்பட்டிருக்கறேன்.

அளவைக் கொண்டுக்கிட்டு திருச்செங்கோட்டுல ஒரு லேத்துக்குப் போனேன். போர் போடற ரிக் வண்டி சாமான் செய்யறவங்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையே இல்லீங்க. உடம்பு 40 மில்லி கனத்துல இ.என்.8 ரக இரும்பு, திருகு அதை விட உறுதியான இ.என்.24. மரை 24 மில்லிக்கு 2 மில்லி பிட்ச், பொடி மரை. சாதா மரையை விட இதுல ஒவ்வொரு சுத்துக்கும் நகர்றது கம்மி, இழுவை எச்சா. 1,900 கேட்டாரு, 1,850க்கு முடிஞ்சுது. 50 ரூவாதான்னு நெனைக்காதீங்க, அந்த 280ல கொஞ்சமாச்சும் திரும்பி வந்துச்சல்லங்க!

வேலைக்கு வாறேன். மண்ணெண்ணெயும் பிரேக் ஆயிலும் கலந்து ராத்திரியே ஊத்தி விட்டேன். காலையில புல்லரை மாட்டி... அட, இருங்க, அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லோணும். புல்லர் மாட்டறதுக்கு முந்தி ஆர்ம்லயும் ஷாஃப்ட்லயும் சேந்தாப்புல சென்டர் பஞ்சுல ஒரு குறி போட்டுருங்க. ஒரு பல்லு மாறி உக்காந்தாலும் வீலு ஒரு பக்கம் நெறையத் திரும்பும், இன்னொரு பக்கம் திரும்பாது. டிராக் லிங்கையும் முன்னாலயே கழட்டிருங்க. ஷாஃப்ட் நடுவுல கடைசல் குழி இருக்குதல்லங்க, அதுல ஒரு பேரிங் குண்டை வெச்சு அதுமேல திருகு முட்டுற மாதிரி வெச்சேன். திருகு சுத்தறப்ப ஷாஃப்ட் நுனியைத் தேய்க்காது.

நல்லா இறுக்கிப்போட்டு ஆர்ம் தலையோட ரெண்டு பக்கமும் எதிரெதிரா ரெண்டு சுத்தியல்ல ஒரே நேரத்துல ஒரு தட்டு. கவனிங்க, ஷாஃப்ட்டுல இல்ல, ஆர்ம் தலையோட பக்கவாட்டுல. அடி ரெண்டு பக்கமும் சமமா வர்றதால உள்ள எறங்காது. டப்புன்னு ஒரு சத்தம் பாருங்க! பொடக்காணியில இருந்த அம்மா "என்னடா ஆச்சு"ன்னு ஓடி வந்துட்டாங்க. ஆர்ம் கையோட வந்துருச்சு. ஒரு பல்லு சிதையல, மரை அப்படியே இருக்குது. ஆனா அது தெறிச்சு வர்றப்ப காலை அடியில நீட்டிக்கிட்டு இருக்காதீங்க.

பாக்ஸை எறக்கி வெச்சாச்சு. இன்னும் தொறக்கல, ரோலரைப் பாத்துட்டுத்தான் சிம்முங்கற மெல்லிசுத் தகடை எடுக்கறதா, இல்ல ரோலரை மாத்தறதான்னு சொல்லுவேன். கிங்பின் புஷ் ரீமர், அதாவது முன் வீலு திரும்பற அச்சாணியோட புஷ்ஷை உள்ளாற சீவற டூல் பத்திக் கேட்டிருந்தீங்க, மேல் புஷ்ஷும் கீழ் புஷ்ஷும் ஒரே நேர்ல வெட்டற நீட்டு ரீமர்தான் வேணும், அது தனி வீடியோ. இந்தப் புல்லரோட அளவெல்லாம் லேத்துக்காரரு எழுதி வெச்சிருக்கறாரு. உங்க வண்டிக்கு வேணும்னா ஷாஃப்ட் எத்தன மில்லி, ஆர்ம் தலை எத்தன மில்லி, பொறத்தால சந்து எத்தன மில்லின்னு மூணையும் வெர்னியர்ல எடுத்துக் கமெண்டுல போடுங்க, அவருகிட்ட நான் கேட்டுச் சொல்றேன்.