ஒரே திகதியில் மூன்று நாள்: 2019 மே 18

வணக்கம் உறவுகளே. புதுக்குடியிருப்பில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து பேசுகிறேன். பின்னால் கேட்பது அம்மா அரிசி புடைக்கிற சத்தம். நாளைக்கு மே 18. முள்ளிவாய்க்கால் கஞ்சிக்கென்று ஒவ்வொரு வருடமும் ஒரு சுண்டு அரிசி தனியாக எடுத்து வைப்பார்.

இந்தத் தாளைப் பாருங்கள், கமராவைக் கிட்டக் கொண்டுவருகிறேன். 2019 கலண்டரில் மே மாதத்தை மட்டும் கிழித்து வைத்திருக்கிறேன். 18ஆம் திகதி, சனிக்கிழமை. வெசாக் போயா, அதாவது வெசாக் பூரணை நாள், சிவப்பில் இருக்கிறது. கீழே பொடி எழுத்தில் வைகாசி விசாகம். மூன்றாவது அச்சில் இல்லை. அம்மா பேனையால் வைத்த புள்ளிதான் அது. 2009இல் யுத்தம் முடிந்து அன்றைக்குப் பத்தாவது வருடம்.

வெசாக் என்பதே ஒரு நாளுக்குள் மூன்று நாள். புத்தர் பிறந்தது, ஞானம் பெற்றது, பரிநிர்வாணம் அடைந்தது, மூன்றையும் அந்தப் பூரணையில்தான் நினைக்கிறார்கள். இலங்கையில் 1885இலிருந்து அது அரச விடுமுறை. விசாகம் முருகன் பிறந்த நட்சத்திரம். வெசாக் என்ற பெயரும் வைகாசி என்ற பெயரும் அந்த விசாகத்திலிருந்து வந்தவைதான். அதனால் அவை இரண்டும் சேர்ந்து வருவதில் புதுமை இல்லை.

பூரணையோ வருடா வருடம் திகதி மாறும். மே 18 மாறாது. 19 வருடத்தில் 235 சந்திர மாதங்கள் கிட்டத்தட்டச் சரியாக அடங்குவதால், பூரணை திரும்பவும் அதே திகதிக்கு வரும். 2000 மே 18 பூரணை, 2019 மே 18 பூரணை, 2038 மே 18உம் பூரணை.

2019இல் அன்றைக்குக் காலை நானும் அம்மாவும் பரந்தன் வீதியால் போனோம். வழியில் வெசாக் கூடுகள், கடதாசி விளக்குகள், கட்டியிருந்தார்கள். வெள்ளைக் கடதாசி வால்கள் காற்றில் ஆடின. முள்ளிவாய்க்காலில் சிரட்டையில் கஞ்சி தந்தார்கள். அரிசி, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான். கடைசி நாட்களில் சனம் குடித்தது அதைத்தான். சிரட்டை சுட்டது, அம்மா சேலைத் தலைப்பால் பிடித்து ஊதி ஊதிக் குடித்தார். ஒரு சொல்லும் பேசவில்லை. பத்தரை மணிக்குச் சுடர் ஏற்றினார்கள்.

திரும்பி வந்து குளித்து, விசாகத்துக்கு முருகன் கோயிலில் ஒரு நெய்விளக்கு வைத்தார். காலையில் அழுத முகத்தோடு எப்படிக் கோயிலுக்குப் போவது என்று நான் கேட்டேன். “வேற எங்க பிள்ளை போறது?” என்றார். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக்கூடாது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அப்புறம் அந்தத் திங்கட்கிழமை, 20ஆம் திகதி, வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கல். முல்லைத்தீவுக் கடலில் எடுத்த உப்புநீரில் விளக்கெரியும் கோயில் அது. நந்திக்கடல் கரையில்தான் இருக்கிறது. யுத்தத்தின் கடைசி நாட்களைக் கண்டதும் இந்த நந்திக்கடல்தான். துக்கத்துக்கு ஒரு கரை, நேர்த்திக்கு ஒரு கரை என்று பிரித்துவைக்க எங்களுக்கு இடம் இல்லை.

2038இல் அம்மாவுக்கு எண்பது தாண்டிவிடும். அந்த வருடக் கலண்டரிலும் புள்ளி வைக்க வேண்டும் என்று இப்போதே என்னிடம் சொல்லிவிட்டார். சரி உறவுகளே, அரிசி புடைத்து முடிந்துவிட்டது. பையில் கட்டிக் கொடுக்க வேண்டும். நாளைக்கு வெள்ளெனவே வெளிக்கிடுகிறோம்.