மங்கி மங்கி வந்த கொழும்பு நாடகம்

(ஒலி: டியூனரைத் திருகும் கீச்சொலி. கரகரப்புக்கு நடுவே யாரோ சிரிப்பது கேட்டு மறைகிறது.)

இந்தச் சத்தத்தைக் கேட்டதும் மனசுக்குள் ஏதோ அசைந்தால், உங்களுக்கும் ஐம்பது தாண்டியிருக்கும்.

எங்கள் வீடு தூத்துக்குடியில். எழுபதுகளில் இருட்டினால் போதும், டிரான்சிஸ்டர் முன்னால் கூடிவிடுவோம். ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் எடுத்து, வருஷா வருஷம் தபால் ஆபீசில் பணம் கட்டிய காலம் அது. பக்கத்து வீட்டு அத்தை முறத்தோடு வந்து அரிசி புடைத்துக்கொண்டே கேட்பார். கேட்டது கொழும்பு. 1972-இல் நாட்டின் பெயரே ஸ்ரீலங்கா ஆகிவிட்டது. எங்கள் தெருவில் மட்டும் அது சிலோன் ரேடியோதான்.

(காட்சி: முகம் தெரியாத நான்கு நிழல் உருவங்கள். ஒவ்வொன்றாகப் பேசத் தொடங்குகின்றன.)

ரேடியோ நாடகம் என்றதும் எல்லாரும் சிரட்டையைத் தட்டிக் குதிரை ஓட்டியதையும், தகரத்தை ஆட்டி இடி இடித்ததையும் சொல்வார்கள். அது தெரிந்த கதை, விடுங்கள். எனக்கு ஆச்சரியம் வேறு. கண்ணுக்குத் தெரியாத நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசும்போது யார் யார் என்று ஒரு சின்னப் பையனுக்கு எப்படித் தெரிந்தது?

'கோமாளிகளின் கும்மாளம்' என்று ஒரு நாடகம். எழுதியவர் எஸ். ராம்தாஸ், மரைக்காராகப் பேசியவரும் அவரே. மரைக்காருக்கு முஸ்லிம்களின் பேச்சு, அப்புக்குட்டிக்கு யாழ்ப்பாணம், உபாலிக்குச் சிங்களவர் பேசும் தமிழ், அப்புறம் ஒரு ஐயர். மேடையில் தொப்பியும் குடுமியும் செய்கிற வேலையை இங்கே பேச்சு வழக்கே செய்தது. வாயைத் திறந்த முதல் சொல்லிலேயே ஆள் பிடிபட்டுவிடும். அந்தக் கூட்டம் 1976-இல் 'கோமாளிகள்' என்று சினிமாவாகவும் வந்தது.

'கதைக்கிறது' என்றால் கதை சொல்வது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பேசுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று அப்பா சொன்ன பிறகு, ஒரு வாரம் பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் "என்ன கதைக்கிறியள்?" என்றே கேட்டுத் திரிந்தேன்.

(காட்சி: மன்னார் வளைகுடா வரைபடம். கொழும்பிலிருந்து தூத்துக்குடிக்கு ஒரு கோடு.)

சரி, கொழும்பு எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது? இந்தக் கோட்டைப் பாருங்கள். நேராக அளந்தால் ஏறக்குறைய 280 கிலோமீட்டர். சென்னை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தூரம். அதோடு, வழியில் பெரும்பகுதி கடல். கொழும்பு எங்களுக்கு வந்த மீடியம் வேவ் ரேடியோ அலை தரையை ஒட்டி ஓடும். காய்ந்த மண் அதை உறிஞ்சிக்கொள்ளும், உப்புத் தண்ணீர் அவ்வளவாக உறிஞ்சாது. அதனால் பகலிலும் கொழும்பு கேட்கும்.

வம்பு பொழுது சாய்ந்த பிறகுதான். பகலில் வானத்தை நோக்கிப் போகும் அலையை, வெயிலால் மின்னேற்றம் பெற்ற ஒரு காற்றடுக்கு விழுங்கிவிடும். சூரியன் போனதும் அந்த அடுக்கு கரைந்துவிடும். அலை இன்னும் மேலே, நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் போய் மோதித் திரும்பி இறங்கும். அப்போது எங்கள் டிரான்சிஸ்டருக்கு ஒரே நாடகம் இரண்டு வழியில் வரும்: கடல் வழியாக ஒன்று, வானத்திலிருந்து ஒன்று. இரண்டும் ஒத்துச் சேர்ந்தால் சத்தம் கணீரென்று இருக்கும். எதிரெதிராக விழுந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மேலே உள்ள அடுக்கு ஓயாமல் அசைவதால் கணீரும் கரகரப்பும் மாறி மாறி வரும்.

அந்தக் கரகரப்பு வருவதற்கு நேரம் பார்க்காது. சில்லையூர் செல்வராசன் எழுதிய 'தணியாத தாகம்' ஓடிக்கொண்டிருக்கும். ஒரு பெண் அழ ஆரம்பிப்பாள். ஏன் என்று யாரோ கேட்பார்கள். அவள் வாயைத் திறக்கும்போது ஒரே இரைச்சல். திரும்பத் தெளியும்போது எல்லாரும் அழுதுகொண்டிருப்பார்கள். "என்னவாம், செத்துட்டானா?" என்று அத்தை முறத்தை நிறுத்திக் கேட்பார். எங்களுக்கு மட்டும் என்ன தெரியும்? மறுநாள் தெருவில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள்.

(காட்சி: திறந்த டிரான்சிஸ்டர். உள்ளே செம்புக் கம்பி சுற்றிய கருப்புக் குச்சி.)

அப்பா மட்டும் செட்டை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருப்பார். வீண் வேலை என்று அம்மா திட்டுவாள். வீண் வேலை இல்லை. மீடியம் வேவுக்கு ஆன்டெனா இந்தக் கருப்பு ஃபெரைட் குச்சிதான். அதன் பக்கவாட்டு ஸ்டேஷனைப் பார்த்தால் சத்தம் கூடும், முனை பார்த்தால் செத்துவிடும். கொழும்பு எங்களுக்குத் தென்கிழக்கு. ஒருநாள் சரியான கோணம் கிடைத்ததும் அப்பா செட்டின் ஓரத்தை ஒட்டி அலமாரிப் பலகையில் பென்சிலால் கோடு போட்டுவிட்டார். அதற்குப் பிறகு யாரும் அதை நகர்த்தக் கூடாது.

அந்த அலமாரி இப்போது தங்கை வீட்டில் இருக்கிறது. கோடும் இருக்கிறது. அதன்மேல் மிக்ஸி வைத்திருக்கிறாள்.