அம்மா எழுதினால் வீட்டுக்கு வரவே

நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, பொங்கல் பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு இந்தப் பட்டிமன்றத்துக்கு வந்திருக்கும் அம்மாக்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

‘அன்றாட வீட்டுக் கதையை அம்மா எழுத உட்கார்ந்தால் குடும்பத்துக்கு வரவா, செலவா?’ இதுதான் தலைப்பு. வரவே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் மூன்று குற்றங்களைச் சொன்னார். அம்மா எழுதும் நேரம் பிள்ளைகளிடமிருந்து பறித்த நேரம் என்றார். வீட்டு விஷயம் வீதிக்கு வந்துவிடும் என்றார். கடைசியாக, இதனால் பத்துப் பைசா வருமா என்று கேட்டார். ஒவ்வொன்றுக்கும் வருகிறேன். அதற்கு முன்னால் உங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே ஒரு மாதக் காலண்டர் தொங்குகிறது. தேதிக் கட்டங்களில் அம்மாவின் கையெழுத்து. ‘பால் வரவில்லை.’ ‘சிலிண்டர் மாற்றியது.’ ‘தயிருக்கு அரை லிட்டர் கூடுதல்.’ ‘சின்னவனுக்கு ஊசி.’ இந்த எழுத்தை எந்த வீட்டிலும் யாரும் தடுத்ததில்லை. மாதக் கடைசியில் பால்காரரிடம் கணக்குத் தீர்க்க எல்லோருக்கும் அது தேவைப்படுகிறது. அதே அம்மா, ‘இன்று பால் வரவில்லை. எல்லோரும் கடுங்காப்பி குடித்தோம். சின்ன வயதில் வாரக்கணக்கில் இப்படித்தான் குடிப்போம் என்று மாமா சொன்னார்’ என்று இரண்டு வரி சேர்த்து எழுதட்டும். உடனே கேள்வி வருகிறது. உனக்கு வேறு வேலை இல்லையா? கணக்கு எழுதினால் பொறுப்பானவள், கதை எழுதினால் பொழுதுபோகாதவள். இந்தக் கோட்டைக் கிழித்தது யார், நடுவர் அவர்களே?

சரி, வேலை இல்லையா என்று கேட்கிறார்களே, அந்த வேலையின் அளவைப் பார்த்துவிடலாம். மத்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024இல் நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒன்றை நடத்தியது. வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் சம்பளமில்லாத அந்த வேலைக்கு ஒரு நாளில் செலவிடுவது சராசரியாக 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் உழைத்த பிறகு ராத்திரி அவள் கண் முன்னால் என்ன இருக்கிறது? சமைத்ததைச் சாப்பிட்டாகிவிட்டது. துவைத்த சட்டை நாளைக்கு மறுபடி அழுக்குக் கூடையில் கிடக்கும். பெருக்கிய வாசலில் விடிவதற்குள் வேப்பிலை உதிர்ந்திருக்கும். செய்து முடித்ததற்கு ஓர் அடையாளமும் மிஞ்சாத வேலை இது. வெளியில் இருந்து பார்த்தவர்களும் இதை வேலையாகப் பார்க்கவில்லை. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்களைப் பிச்சை எடுப்பவர்களோடும் சிறைக் கைதிகளோடும் சேர்த்துப் பொருளாதார ரீதியில் பயனில்லாதவர்கள் என்ற வரிசையில் வைத்திருந்தார்கள். 2010இல் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே அதைக் கண்டித்தது.

நாள் முழுக்கச் செய்ததில் ஒன்றாவது மறுநாளும் இருக்க வேண்டும் என்று ஓர் அம்மா ஆசைப்பட்டால், அவளுக்கு இருக்கிற வழி எழுதிவைப்பதுதான். நான் அழுத்திச் சொல்ல வந்ததும் இதைத்தான்.

வங்காளத்தில் ராஸசுந்தரி தேவி என்று ஓர் அம்மா இருந்தார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் திருமணம், அப்புறம் பன்னிரண்டு பிள்ளைகள். பெண் படித்தால் குடும்பம் கெடும் என்று நம்பிய காலம். ஒரு புத்தகத்தின் ஏட்டை எடுத்துச் சமையலறையில் ஒளித்துவைத்து, மகன் எழுதிப் பழகிய ஓலையோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு எழுத்துகளைக் கற்றுக்கொண்டார். பின்னாளில் தன் வாழ்க்கையைத் தானே எழுதினார். வங்க மொழியின் முதல் தன்வரலாறு என்று சொல்லப்படுவது அதுதான். அதில் ஓர் இடம் வருகிறது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுச் சாப்பிட உட்காரும்போது விருந்தாளி வருகிறார். தன் சோற்றை அவருக்கு வைத்துவிடுகிறார். மறுபடி உட்காரும்போது குழந்தை அழுகிறது. இப்படியே இரண்டு நாள் அந்த அம்மா வாயில் ஒரு கவளமும் போகவில்லை. ஆட்களும் பிள்ளைகளும் நிறைந்த அந்தப் பெரிய வீட்டில் அது ஒருவருக்கும் தெரியவில்லை. இன்று சென்னையில் உட்கார்ந்திருக்கும் நமக்குத் தெரிகிறது. எப்படித் தெரிகிறது? அவர் எழுதினார், அதனால் தெரிகிறது.

இப்போது முதல் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். பிள்ளைகளின் நேரம் பறிபோகிறதாம். எழுதுகிற அம்மாக்கள் எப்போது எழுதுகிறார்கள் என்று எதிரணி விசாரித்துப் பார்க்கட்டும். இட்லி மாவு அரைபடும்போது, குழந்தை மத்தியானம் தூங்கும்போது, ராத்திரி அடுப்புத் திட்டைத் துடைத்து முடித்த பிறகு. அந்த 289 நிமிடத்தில் ஒன்றைக்கூடக் குறைக்காமல், தன் தூக்கத்திலிருந்து எடுத்த நேரம் அது. காலையில் அப்பா செய்தித்தாள் விரிக்கும் நேரத்தை எந்தப் பட்டிமன்றத்திலும் யாரும் செலவுக் கணக்கில் எழுதியதில்லை. எழுதவும் வேண்டாம். அவருக்கு அந்த அரை மணி வேண்டும். அம்மாவுக்கும் ஓர் அரை மணி வேண்டும்.

அந்த அரை மணியால் வீட்டுக்கு என்ன கிடைத்தது என்பதை என் வீட்டிலிருந்தே சொல்கிறேன். ஒரு கோடையில் வடாம் பிழிவதைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் அது அத்தையின், அதாவது என் மாமியாரின் ராஜ்ஜியம். விடியற்காலையில் கூழ் காய்ச்சி, வெயில் ஏறுவதற்குள் மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்துப் பிழிந்து முடித்துவிடுவார். கூடவே பல வருஷம் நின்று அச்சைப் பிடித்திருக்கிறேன். ஆனால் எழுத என்று பேனாவைத் திறந்ததும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கூழில் உப்பு எவ்வளவு? எலுமிச்சை எப்போது பிழிய வேண்டும்? அத்தையிடம் போய்க் கேட்டேன். “கூழை ருசிச்சுப் பாத்தா உப்பு கம்மியா இருக்கணும். சரியா இருந்துச்சுன்னா காஞ்சப்புறம் கரிக்கும்” என்றார். இது உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது அத்தை என்றேன். “யாரும் சொல்லிக்கொடுக்கல. கல்யாணமாகி வந்த வருஷம் பிழிஞ்சது அத்தனையும் கரிச்சுப் போச்சு. யார்கிட்டயும் சொல்லாம நானே ஒவ்வொண்ணா தண்ணியில நனைச்சு நனைச்சு தின்னு தீத்தேன்” என்றார்.

அன்றைக்குப் பேச ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தியது, அந்த வருஷம் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியது, பரிசை வாங்க மேடை ஏறும்போது தாவணி முள்ளில் மாட்டிக் கிழிந்தது, எல்லாம் வந்தது. ஒரே வீட்டில் இத்தனை காலம் சேர்ந்து சமைத்திருக்கிறோம். இதில் ஒரு வார்த்தை எனக்குத் தெரியாது. அவர் மகனுக்கும் தெரியாது. எழுதி முடித்து அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர், “பரிசுன்னு மொட்டையா போட்டிருக்கியே, என்ன பரிசுன்னு எழுது. எவர்சில்வர் டம்ளர்” என்றார். எந்த டம்ளர் என்றேன். அரிசிப் பானைக்குள் கையை விட்டு எடுத்துக் காட்டினார். நாங்கள் தினமும் அரிசி அளக்கிற டம்ளர். அடியில் பள்ளிக்கூடத்தின் பெயர் தேய்ந்து கிடந்தது. என் பிள்ளைகள் அன்றுதான் தங்கள் பாட்டியை ஒரு படித்த பெண்ணாகப் பார்த்தார்கள். நடுவர் அவர்களே, இதை எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்? வரவிலா, செலவிலா?

எழுதுகிறவளுக்குக் கிடைக்கும் சந்தோஷத்தையும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் அம்மா எழுதியதை நாலு பேர் படிக்க வேண்டுமென்றால் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டும். தபால்தலை ஒட்டிய உறை ஒன்றையும் உள்ளே வைக்க வேண்டும், வேண்டாம் என்றால் திருப்பி அனுப்ப. கீரை ஆய்ந்ததைப் பற்றியும் பிள்ளைக்குப் பல் விழுந்ததைப் பற்றியும் எழுதினால் பெரும்பாலும் அந்த உறைதான் திரும்பி வரும். 2003, 2004 வாக்கில் தமிழில் வலைப்பூக்கள், அதாவது இணையத்தில் அவரவரே எழுதி வெளியிடும் பக்கங்கள், பரவியபோது இது மாறியது. ஆங்கில விசைப்பலகையில் தட்டினாலே திரையில் தமிழ் வரவைக்கும் இ-கலப்பை போன்ற செயலிகள் இலவசமாகக் கிடைத்தன. 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் என்ற இணையதளம், யார் எங்கிருந்து எழுதினாலும் புதிதாக வந்ததை ஒரே பக்கத்தில் திரட்டிக் காட்டியது. திருச்சியில் ஓர் அம்மா சாம்பார்ப் பொடி வறுத்ததை எழுதினால், பனி கொட்டும் ஊரில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தனியாகக் குழந்தை வளர்க்கும் ஒரு பெண் அன்றைக்கே அதைப் படித்தாள். “எங்க வீட்டுலயும் இதே கதைதான்” என்று பதில் எழுதினாள். அந்த ஒரு வரி கிடைக்கிற நாளில் பாத்திரம் தேய்க்கும் கை களைக்காது. அனுபவித்தவர்கள் இந்த அரங்கத்திலேயே இருப்பீர்கள்.

இரண்டாவது குற்றச்சாட்டு, வீட்டு விஷயம் வீதிக்கு வருவது. இது நியாயமான பயம், ஒப்புக்கொள்கிறேன். பிள்ளை படுக்கையை நனைத்ததும் பரீட்சையில் தோற்றதும் அவனுடைய கதை. அவன் அனுமதியில்லாமல் எழுத நமக்கு உரிமை கிடையாது. சீருடையோடு படம் போடுவதும், எந்தப் பள்ளி, எந்தத் தெரு என்று சொல்வதும் ஆபத்து. வளர்ந்த பிள்ளை “இதை எடுத்துடும்மா” என்றால் மறுபேச்சில்லாமல் எடுத்துவிட வேண்டும். புனைபெயரில் எழுதும் அம்மாக்கள் எத்தனையோ பேர் இதையெல்லாம் அறிந்தவர்கள்தான்.

ஆனால் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும் என்று நாம் மூடிவைக்கிற விஷயங்களில் சில, மூடிவைப்பதாலேயே ஆளைக் கொல்லும். பிரசவம் முடிந்து வாரக்கணக்கில் காரணம் தெரியாமல் அழுகை, குழந்தையைத் தூக்கக்கூடப் பிடிக்கவில்லை, தூக்கமில்லை. வீட்டில் என்ன சொல்வார்கள்? கண்ணு பட்டிருக்கு என்பார்கள். பெத்தவளுக்குப் பிள்ளைமேல் பாசமில்லையா என்பார்கள். அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு, ஒரு நோய், மருத்துவரிடம் போனால் குணமாகும் என்பதை இன்னோர் அம்மா தன் கதையாக எழுதியதைப் படித்துத் தெரிந்துகொள்ளும் பெண்கள் இருக்கிறார்கள். எழுதியவள் தன் மானத்தை வீதியில் வைக்கவில்லை. யாரோ ஒருத்தியின் குழந்தைக்கு அம்மாவைத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். எதிரணி நண்பர் எந்தக் குற்றத்தை வேண்டுமானாலும் எங்கள்மேல் போடட்டும், இந்த எழுத்தை மட்டும் நிறுத்தச் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியில் பத்துப் பைசா. வந்திருக்கிறது. மீனாட்சி அம்மாள் இளம் வயதில் கணவரை இழந்தவர். உறவுப் பெண்கள் கடிதம் போட்டுச் சமையல் குறிப்பு கேட்பார்கள், இவர் எழுதி அனுப்புவார். அதையே புத்தகமாக்கு என்று உறவினர் ஒருவர் சொல்ல, 1951இல் ‘சமைத்துப் பார்’ வந்தது. படி, ஆழாக்கு என்று அளவு சொல்லி எழுதிய அந்தப் புத்தகத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு கடல் தாண்டிப் போன மருமகள்கள் ஏராளம். இன்றும் அது விற்கிறது. வை.மு. கோதைநாயகி அம்மாளுக்கு ஐந்தரை வயதில் திருமணம். பள்ளிக்கூடம் போகாதவர். முதல் நாடகத்தை இவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதிக்கொடுத்தார். அந்தக் கோதைநாயகிதான் பிறகு 115 நாவல்கள் எழுதி, ‘ஜகன்மோகினி’ பத்திரிகையைத் தானே நடத்தினார்.

ஆனாலும் இந்தப் பணத்தை வைத்து நான் வெல்லப் பார்க்கவில்லை. எழுதுகிற அம்மாக்களில் பெரும்பாலானவர்களுக்கு ஒரு ரூபாயும் வரப்போவதில்லை. எனக்கும் வந்ததில்லை. அதனால் அடுத்துப் பேசவிருக்கும் எதிரணி நண்பரிடம் ஒன்று கேட்டுவிட்டு அமர்கிறேன். உங்கள் பாட்டி தன் கையால் தன் நாளைப் பற்றி எழுதிய ஒரே ஒரு பக்கம் உங்கள் வீட்டில் இருக்கிறதா? இருந்தால், அதை என்ன விலைக்குக் கொடுப்பீர்கள்? அந்தத் தொகையை இந்த மேடையிலேயே சொல்லுங்கள். அதைக் கேட்டுவிட்டு நடுவர் அவர்கள் தீர்ப்பு எழுதட்டும்.

நன்றி, வணக்கம்.