முதலில் வயிறு, பிறகுதான் மற்றதா?

(யாழ்ப்பாணத்தில் ஒரு சனசமூக நிலையத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சபையோருக்கு வணக்கம். 'மனிதத் தேவைகள்' என்ற தலைப்பைப் பார்த்ததும் இங்கே இருக்கிற ஆசிரியர்களுக்கு ஒரு பிரமிட் ஞாபகம் வந்திருக்கும். அடியில் பசி, தாகம். அதற்கு மேல் பாதுகாப்பு, அன்பு, மதிப்பு. ஆனால் இந்தத் தேவைகளின் ஒழுங்கைச் சொன்ன உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோ 1943 இல் எழுதிய கட்டுரையில் அந்தப் படமே கிடையாது. பின்னால் வந்தவர்கள் வரைந்தது. இந்த ஒழுங்கு எல்லாருக்கும் ஒரே மாதிரி இராது என்று அவரே அதில் எழுதியும் இருக்கிறார். படம் நின்றுவிட்டது, அந்த வரி போய்விட்டது.

தொண்ணூறுகளில் இங்கே இருந்தவர்களுக்கு அந்த வரியை விளக்கத் தேவையில்லை. மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்குத் தடை, பற்றரிக்குத் தடை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, அந்தச் சின்ன வெளிச்சத்தில் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தார்கள். குண்டுவீச்சு விமானச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓட்டம், அடங்கினால் திரும்பவும் கொப்பி. பாதுகாப்பு என்ற படியையே அந்தப் பிள்ளைகள் கண்டதில்லை.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற உளவியலாளர்கள் இருவரும் மாஸ்லோவைப்போல் படி எதுவும் கட்டவில்லை. மனதுக்கு மூன்று தேவைகள் என்றார்கள்: என் முடிவு என்னுடையதாக இருக்க வேண்டும், என்னால் முடியும் என்று தோன்ற வேண்டும், எனக்கென்று மனிதர் இருக்க வேண்டும். எனக்கு இதுதான் நம்மூருக்குப் பொருந்துவதாகப் படுகிறது.

முதலாவதைத்தான் நாம் அதிகம் மிதிக்கிறோம். "ஒன்பது ஏ எடு, மோட்டார் சைக்கிள் வாங்கித் தாறன்" என்கிற அப்பாமாருக்கு ஒரு செய்தி. 1973 இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர், படம் கீற விருப்பமுள்ள பாலர் பள்ளிப் பிள்ளைகளில் சிலரிடம் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லிக் கீற வைத்தார்கள். கொஞ்ச நாள் கழித்து, விளையாட்டு நேரத்தில் அந்தப் பிள்ளைகள் படம் கீறிய நேரம் மற்றவர்களின் பாதியளவுதான். விருப்பமில்லாத வேலைக்குப் பரிசு கொடுப்பது வேறு கதை, அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சரி, வீட்டில் சீனி வருத்தக்காரர் இருக்கிறார். "கால் கழட்ட வேண்டி வரும்" என்று தினமும் வெருட்டுகிறோம். அவரோ ஒளித்துத் தின்னப் பழகுகிறார். புகைப்பதை விட்டவர்களை ஆராய்ந்த புரோச்சஸ்காவும் டிக்ளமென்டியும் மாற்றம் கட்டங்களாக வருகிறது என்றார்கள். இன்னும் யோசிக்கவே தொடங்காதவருக்கும், 'செய்யலாமோ' என்று இழுபடுகிறவருக்கும் ஒரே பேச்சுச் சரிவராது. முன்னவரிடம் அவருக்கு எது முக்கியம் என்று கேளுங்கள். பேத்தியின் கலியாணத்துக்கு நடந்துபோக வேண்டும் என்பார், அதிலிருந்து கதையுங்கள்.

இழுபடுகிறவர் ஓமென்றால், "இனிக் குறைப்பன்" என்பதோடு விடாதீர்கள். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டியது, 'இன்னது நடந்தால் இன்னது செய்வேன்' என்ற திட்டம் கூடுதலாகக் கைகொடுக்கும் என்பதை. "கடையில் இருந்தவுடனே, சீனி போடாமல் பிளேன் ரீ என்று நானே முந்திச் சொல்லுவன்." அதை அவர் வாயாலேயே சொல்லட்டும். நீங்கள் எழுதிக் கொடுத்தால் அது திரும்பவும் உங்கள் திட்டம்தான்.

முன்வரிசையில் ஐயா வெகுநேரமாகக் கையை உயர்த்திக்கொண்டிருக்கிறார். கேளுங்கோ ஐயா.