ஆட்டைத் திருடியவனைப் பாடும் நாடு

நேயர்களுக்கு வணக்கம்.

உங்கள் பையில் பத்து டாலர் நோட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் பாஞ்சோ பேட்டர்சன், மறுபக்கம் மேரி கில்மோர். இருவருமே கவிஞர்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால், பேட்டர்சனின் ‘ஸ்னோயி ஆற்றிலிருந்து வந்தவன்’ கவிதையின் வரிகள் நுண்ணெழுத்தில் ஓடுவது தெரியும். பணத்தாளிலேயே கவிதையை அச்சடிக்கும் அளவுக்கு, புஷ்ஷைப் பாடிய கவிஞர்களுக்கு ஆஸ்திரேலியாவில் மதிப்பு இருக்கிறது. யூகலிப்டஸ் காடு, ஆட்டுப் பண்ணை, செம்மண் வெளி, வறண்டு கிடக்கும் ஆறு என்று நகரத்தைத் தாண்டியதும் வருகிற எல்லாமே இங்குள்ளவர்களுக்குப் புஷ்தான். அந்தப் பாட்டுகள் இந்த நாட்டைப் பற்றி என்ன சொல்கின்றன என்று இன்று பேச நினைக்கிறேன்.

‘வால்ட்ஸிங் மெட்டில்டா’விலிருந்தே தொடங்குவோம். நம் வீட்டுப் பிள்ளைகளும் பள்ளியில் கற்றுக்கொண்டு வந்து பாடுகிற பாட்டு. மெட்டு துள்ளலாக இருப்பதால் கதையை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. படுக்கைச் சுருளை முதுகில் கட்டிக்கொண்டு பண்ணை பண்ணையாக வேலை தேடி நடக்கும் ஒரு கூலியாள். ஆற்றிலிருந்து பிரிந்து தேங்கிய குட்டையின் ஓரம், கூலிபா மர நிழலில், தகரக் குவளையில் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைத்திருக்கிறான். தண்ணீர் குடிக்க ஒரு செம்மறி ஆடு வருகிறது. பிடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் திணித்துக்கொள்கிறான். உயர்ந்த சாதிக் குதிரையில் பண்ணையார் வருகிறார், கூடவே மூன்று போலீஸ்காரர்கள். உயிரோடு என்னைப் பிடிக்க முடியாது என்று சொல்லிவிட்டு அவன் குட்டையில் குதித்துவிடுகிறான். அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு அவன் ஆவியின் குரல் இன்றும் கேட்கிறதாம்.

பசிக்கு ஆடு திருடியவன், போலீஸிடம் சிக்காமல் செத்தவன். ஒரு நாடே கூடிநின்று பாடுவது இவனைத்தான்.

இது பிறந்த இடத்தையும் காலத்தையும் தெரிந்துகொண்டால் பாட்டு இன்னும் கனக்கும். 1895ஆம் ஆண்டு, குயின்ஸ்லாந்தில் வின்டன் ஊருக்கு அருகே டாக்வொர்த் பண்ணையில் பேட்டர்சன் விருந்தாளியாகத் தங்கியிருந்தார். பண்ணையார் குடும்பத்துப் பெண் கிறிஸ்டினா மக்ஃபர்சன், தான் குதிரைப் பந்தய மைதானத்தில் கேட்ட ஒரு மெட்டை நினைவிலிருந்து வாசித்துக் காட்ட, பேட்டர்சன் அதற்கு வரிகள் எழுதினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1891இல், ஆட்டு ரோமம் கத்தரிக்கும் தொழிலாளர்களின் பெரிய வேலைநிறுத்தம் நடந்து, தலைவர்கள் சிறைக்குப் போயிருந்தார்கள். 1894இல் மறுபடியும் வேலைநிறுத்தம் வெடித்தது. அந்த செப்டம்பரில் இதே டாக்வொர்த் பண்ணையின் கத்தரிப்புக் கொட்டகை தீக்கிரையானது. அதையொட்டி ஹாஃப்மைஸ்டர் என்ற தொழிலாளி ஒரு நீர்நிலை அருகே இறந்து கிடந்தார். பாட்டுக்கு வித்து இந்தச் சாவுதான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். பேட்டர்சன் சிட்னியில் தொழில் நடத்திய வழக்கறிஞர். உண்டதும் உறங்கியதும் பண்ணையார் வீட்டில். ஆனால் பாட்டின் மனசு குட்டையில் குதித்தவனோடுதான் போகிறது. எனக்கு இந்தப் பாட்டில் மிகப் பிடித்தது இதுதான்.

1977இல் எது நாட்டின் பாட்டாக இருக்க வேண்டும் என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். ‘அட்வான்ஸ் ஆஸ்திரேலியா ஃபேர்’ 43 சதவீதம் பெற்று முதலில் வந்தது. ‘வால்ட்ஸிங் மெட்டில்டா’ 28 சதவீதத்துடன் இரண்டாவது. பிரிட்டிஷ் அரசிக்கான கீதம் அதற்கும் பின்னால்தான். தேசியகீதம் வேறாகிப் போனாலும், 2000 சிட்னி ஒலிம்பிக் நிறைவு விழாவில் பாடகர் ஸ்லிம் டஸ்டி கிட்டாரோடு வந்து பாடியது இந்த ஆட்டுத் திருடன் பாட்டைத்தான்; அரங்கமே சேர்ந்து பாடியது.

சரி, இந்தப் பாட்டுகளை எழுதியவர்கள் புஷ்ஷில் வாழ்ந்தவர்களா? பெரும்பாலும் நகரத்தில் உட்கார்ந்து எழுதியவர்கள். அவற்றை வாசித்தவர்களிலும் நகரத்தார் ஏராளம். பேட்டர்சனின் ‘கிளான்சி’ கவிதை இதை மறைப்பதே இல்லை. 1889இல் சிட்னியின் ‘புல்லட்டின்’ இதழில் வந்தது. கிளான்சி என்ற ரோமம் கத்தரிப்பவனுக்கு ஒருவர் கடிதம் போடுகிறார். கட்டைவிரல் நகத்தைத் தாரில் தோய்த்து எழுதியதுபோல ஒரு பதில் வருகிறது: ஆள் மந்தை ஓட்டிக்கொண்டு குயின்ஸ்லாந்து போய்விட்டான், எங்கே என்று தெரியாது. அவ்வளவுதான் பதில். அழுக்கும் புழுதியும் படிந்த அலுவலக அறையில் உட்கார்ந்து, வெளியே டிராம் சத்தத்தைக் கேட்டபடி, சமவெளியில் சூரிய வெளிச்சத்தில் மாட்டின் பின்னே பாடிக்கொண்டு போகும் கிளான்சியை அவர் கற்பனை செய்கிறார். ஏக்கம்தான் மொத்தக் கவிதையும்.

இந்த ஏக்கத்தை இன்னொரு கவிஞரான ஹென்றி லாசன் ஏற்கவில்லை. தங்கச் சுரங்க ஊரில் பிறந்தவர், சிறுவயதிலேயே காது கேட்காமல் போனவர், வறுமையை அறிந்தவர். 1892இல் இருவரும் ‘புல்லட்டின்’ பக்கங்களில் கவிதையாலேயே மோதிக்கொண்டார்கள். நீ பாடும் பசுமை எங்கே இருக்கிறது, நான் கண்டது புழுதியும் ஈயும் செத்த ஆடும்தான் என்றார் லாசன். நகரத்துச் சந்தின் நாற்றமே உனக்குச் சரி என்றார் பேட்டர்சன். அதே ஆண்டு, இதழின் ஆசிரியர் ஆர்ச்சிபால்ட் ஐந்து பவுண்டும் ஒருவழி ரயில் டிக்கெட்டும் கொடுத்து லாசனை உள்நாட்டிலுள்ள பர்க் நகருக்கு அனுப்பினார். அங்கிருந்து குயின்ஸ்லாந்து எல்லையிலுள்ள ஹங்கர்ஃபோர்ட் வரை, கொளுத்தும் கோடையில், சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார் லாசன். துணையில்லாதவன் அந்த வெயிலில் பிழைப்பது கஷ்டம். ஆஸ்திரேலியர்கள் இன்றுவரை பெருமையாகச் சொல்லும் ‘மேட்’ என்ற தோழமை உறவுக்கு லாசனின் எழுத்துதான் உயிர் கொடுத்தது. இருவரில் யார் பெரியவர் என்று கேட்டால் நான் தயங்காமல் லாசனைத்தான் சொல்வேன்.

கவிஞர் டொரதியா மெக்கெல்லரையும் விட்டுவிட முடியாது. 1908இல் லண்டன் இதழொன்றில் அவருடைய ‘என் நாடு’ வெளியானது. இங்கிலாந்தின் வேலிகட்டிய பச்சை வயல் உங்களுக்கு, வறட்சியும் வெள்ளமும் மாறி மாறி வரும் இந்த வெயில் காய்ந்த நிலம் எனக்கு என்று சொன்ன துணிச்சல் அவருடையது.

ஆனால் இந்த ‘மேட்’ வட்டத்துக்குள் யாரெல்லாம் இருந்தார்கள்? அதே ‘புல்லட்டின்’ 1908 முதல் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ‘ஆஸ்திரேலியா வெள்ளையருக்கே’ என்ற வாசகத்தைத் தன் தலைப்பில் தாங்கி வந்தது. தங்கம் தோண்டிய சீனர்களும், ஒட்டகத்தில் சரக்கு சுமந்த ஆப்கானியர்களும் இந்தியர்களும் அதே புழுதியில் நடந்தவர்கள்தான். இந்தப் பாட்டுகளில் அவர்கள் வந்தாலும் கேலிப்பொருளாகத்தான் வந்தார்கள். யாருடைய மண்ணில் அந்தப் பண்ணை நின்றதோ அந்த ஆதிக்குடி மக்கள் அநேகமாக வரவே இல்லை. அந்த மண்ணின் ஒவ்வொரு குன்றுக்கும் நீர்நிலைக்கும் அவர்களிடம் பாட்டு இருந்தது. பேட்டர்சனுக்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்பிருந்தே இருந்தது.

1964இல் ஊஜெரூ நூனக்கல், அப்போது கேத் வாக்கர் என்ற பெயரில், ஒரு கவிதைத் தொகுப்பு வெளியிட்டார். ஆதிக்குடிக் கவிஞர் ஒருவரின் முதல் தொகுப்பு அது. அதில் ஒரு கவிதை: எஞ்சிய சிலர், தங்கள் முன்னோர் சடங்கு நடத்திய வட்டம் இருந்த இடத்தைத் தேடிச் சின்ன ஊர் ஒன்றுக்கு வருகிறார்கள். அங்கே ‘குப்பை கொட்டலாம்’ என்று வீட்டுமனைத் தரகர் பலகை வைத்திருக்கிறார். அவர்கள் சண்டை போடவில்லை. அந்தச் சடங்கும் நாங்கள்தான், அந்த இடியும் மின்னலும் நாங்கள்தான் என்று சொல்கிறார்கள்.

அப்புறம், 1991இல் பாடகர்கள் பால் கெல்லியும் கெவ் கார்மடியும் சேர்ந்து எழுதிய ‘சின்னதிலிருந்து பெரியது வளரும்’ என்ற பாட்டு வந்தது. கார்மடி ஆதிக்குடிப் பாடகர். 1966 ஆகஸ்டில் வடக்குப் பிரதேசத்தின் வேவ் ஹில் மாட்டுப் பண்ணையில் குரிஞ்சி என்ற ஆதிக்குடி மக்கள், வின்சென்ட் லிங்கியாரி தலைமையில், வேலையை விட்டு வெளியேறிய கதை அது. கூலிக்கு மட்டுமல்ல, நிலத்துக்காகவும் ஒன்பது ஆண்டுகள் உட்கார்ந்தார்கள். 1975இல் பிரதமர் விட்லம் வந்து லிங்கியாரியின் கையில் மண்ணை அள்ளிப் போட்டார். எல்லோரும் வாருங்கள், கதை சொல்கிறேன் என்று தொடங்கும் பழைய புஷ் பாட்டின் நடைதான். இங்கும் ஒரு பண்ணைமுதலாளி, இங்கும் கையில் காசில்லாத ஒரு மாட்டுக்காரன். 1895இன் பாட்டு அந்த ஆடு யாருடையது என்றுதான் பேசியது. இந்தப் பாட்டு நிலமே யாருடையது என்று கேட்கிறது. என் கணக்கில் புஷ் பாட்டு மரபின் மிகச் சிறந்த பாட்டு இதுவே.

இந்த உரை முடிந்ததும் இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துப் போடும்படி நிலையத்தாரிடம் கேட்டிருக்கிறேன். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் கூப்பிட்டு உட்கார வையுங்கள். முதல் பாட்டு அவர்களுக்குத் தெரிந்திருக்கும், இரண்டாவதன் கதையை நீங்கள் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.