ஆத்துல போட்டாலும் அளந்து போடு: சேலத்துல தம்பிங்க கிட்ட பேசினது

மேடையில இருக்கிற தலைவர் ஐயா அவர்களே, பத்திரம் எழுதுற அண்ணன்மார்களே, முன் வரிசையில உக்காந்திருக்கிற ஓய்வுபெற்ற சர்வேயர் ஐயா அவர்களே, எல்லாருக்கும் வணக்கமுங்க. அந்த ஐயாவைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியே ஆகணும், நான் தொழிலுக்கு வந்த புதுசுல நெலம் அளக்கற சங்கிலியை எப்படி புடிக்கணும்னு சொல்லிக் குடுத்தது அவருதான், இன்னைக்கு முழங்கால் வலியோட மாடிப்படி ஏறி வந்திருக்காரு. நன்றிங்க ஐயா.

மனை போட்டு விக்கற தொழிலை நான் விட்டுட்டேன், ஆனா ஞாயித்துக்கெழமை ஆனா இந்த தொழில்ல இருக்கிற தம்பிங்க வீட்டுக்கு வந்துடறாங்க. அவங்களுக்கு மூணு விஷயம் சொல்வேன், பத்திரம், கடன், தண்ணி. எங்கம்மா அடிக்கடி சொல்றது ஒன்னு உண்டு, ஆத்துல போட்டாலும் அளந்து போடு. மூணுக்கும் அதுதான்.

பத்திரம் உங்களுக்கே தெரியும். வில்லங்கம், மூலப்பத்திரம், பட்டா, 500 சதுர மீட்டருக்கு மேல மனை போட்டா ரெரா, அதான் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துல பதிவு, ஏற்காட்டுல எடம்னா ஹாக்கா, அதான் மலைப்பகுதி பாதுகாப்புக் குழு அனுமதி. இதெல்லாம் பாக்காதவன் இந்த தொழிலுக்கே வரக்கூடாது.

தண்ணிக்கு வர்றேன். 1996ல கன்னங்குறிச்சி பக்கம் ரெண்டு ஏக்கர் வாங்கினேன். பட்டா சுத்தம், வில்லங்கம் சுத்தம். கல்லு நடும்போது ஆடு மேய்ச்சுகிட்டு இருந்த ஒரு பெரியவர் வந்து, "சாமி, இது மலைத்தண்ணி வர்ற தடம்"னாரு. நான் காதுல வாங்கல. 38 மனையும் வித்துப் போச்சு. அதுல ஒன்னு பட்டுத்தறி ஓட்டுற புருசன் பொண்டாட்டி வாங்கினாங்க, சீட்டு எடுத்து, தோட்டை வித்து வாங்கின எடம். வீட்டைக் கட்டி தறியையும் போட்டுட்டாங்க. மூணாவது வருசம் ஐப்பசியில ராத்திரி சேர்வராயன் மலையில கொட்டுன மழை விடியறதுக்குள்ள எறங்கிடுச்சு. நான் போய் பாக்கறேன், தறிக்குழி நெறைய செந்தண்ணி நிக்குது, பாவு நனைஞ்சு கெடக்குது, அந்தம்மா வாசப்படியில உக்காந்துகிட்டு, "ஏனுங்க, காட்டும்போது நல்லாத்தானே இருந்துச்சு"ன்னு கேட்டுச்சு. திட்டவே இல்லைங்க. அந்த வீட்டை அவங்க போட்ட காசுக்கு நானே திருப்பி வாங்கிகிட்டேன், ஆனா அந்தக் கேள்வி இன்னும் கேட்டுகிட்டே இருக்குது.

தாலுகா ஆபீசுல புலப்படம், அதான் சர்வே நம்பரோட அளவு வரைபடம், வாங்கிப் பாத்தா பக்கத்து சர்வே நம்பர்ல ஓடை புறம்போக்குன்னு இருக்குது, நம்ம வரப்பு வந்ததும் கோடு நின்னு போச்சு. கோடு நின்னா தண்ணி நிக்குமா? பட்டா நெலத்துக்குள்ளயும் தண்ணி போற தடம் இருக்கும், வில்லங்கத்துல அது வராது. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னா இதையும் சேத்துத்தான் அளக்கணும்.

அந்த ஓடைத் தண்ணியெல்லாம் எங்க போகணும்? மூக்கனேரிக்கு. நம்ம ஊரு ஏரிங்க எல்லாம் மலைத்தண்ணிய நம்பி வெட்டுனது, திருமணிமுத்தாறு பொறக்கறதே அந்த மலையிலதான். ஏரியைத் தூர் வாரி கரையில மரம் வெக்கறாங்க, ரொம்ப சந்தோசம், ஆனா வர்ற வழியில நாம மனை போட்டுகிட்டே போனா ஏரிக்கு எது வரும்? இங்க இருக்கிற ஒவ்வொரு புரோக்கரும், ஒவ்வொரு புரமோட்டரும் லேஅவுட் போர்டுல ஓடையை நீலக் கோடா வரைஞ்சு மாட்டணும்னு கையெழுத்துப் போட்டுக் குடுங்க, நோட்டு கீழ மேசையில இருக்குது. கலெக்டர் கிட்ட மனு குடுக்கப் போறோம். புலப்படம் இப்ப போன்லயே வருது, காசு கூட இல்லை, பாக்கலைன்னு யாரும் சொல்ல முடியாது.

கடனைப் பத்தி பேச நேரமில்லை, தலைவர் ஐயா கடிகாரத்தைப் பாக்கறாரு.

வர்ற ஞாயிறு காலையில 6 மணிக்கு மூக்கனேரி கரையில இருப்பேன். அங்க இருந்து ஓடையைப் புடிச்சு மலையடிவாரம் வரைக்கும் நடக்கறோம். சர்வேயர் ஐயா ஆட்டோவுல வர்றேன்னு இருக்காரு. அவங்கவங்க விக்கற எடத்தோட புலப்படத்தை பிரிண்ட் எடுத்துகிட்டு வாங்க தம்பிங்களா.