வலையில் மினுங்குவது யாருடைய உறவு?

நேயர்களுக்கு வணக்கம். திருகோணமலைக் கொட்டியாரக் குடாவில் இரவில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர்களுக்கு இது பழகிய காட்சி. சில காலங்களில், நிலவில்லாத இருட்டில் வலையை இழுத்தால் கண்ணுக்குக் கண் நீலமாய் மினுங்கும். தண்ணீரைக் கையால் அளைந்தால் விரலிடுக்கிலும் மினுங்கும்.

அந்த ஒளியைத் தரும் உயிர்களில் ஒன்று நொக்டிலூக்கா. உடம்பு முழுவதும் ஒரே ஒரு கலம். ஆனாலும் அரை மில்லிமீற்றர், சிலவேளை அதைவிடப் பெரிதாகவும் வளரும். அது பெருகியிருக்கிற நேரம் கடல்நீரைக் கண்ணாடிக் குவளையில் அள்ளி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சவ்வரிசியைவிடச் சின்னதாய், உருண்டையாய், ஊடுதெரிய மிதக்கும். நுணுக்குக்காட்டியே வேண்டாம்.

அதைச் சீண்டினால் என்ன நடக்கிறது? கலத்தின் மென்சவ்வில் ஒரு மின்துடிப்பு ஓடும். உள்ளே இருக்கும் நுண்மணிகளில் அமிலத்தன்மை ஏறும். அங்குள்ள லூசிபெரின் என்ற பொருள் ஒட்சிசனோடு சேர்ந்து ஒளியாகிவிடும். ஒரு செக்கனில் பத்திலொரு பங்குகூட அது நீடிக்காது. இதனால் அதற்கு என்ன லாபம் என்றால், அதைத் தின்ன வருகிற சின்னக் கூனிவகைகளை அந்த வெளிச்சம் மீன்களுக்குக் காட்டிக்கொடுக்கிறது என்பது ஆய்வாளர் பலர் ஏற்கிற விளக்கம். எனக்கும் அதுவே சரியாகப்படுகிறது.

உயர்தர வகுப்பில் இதைப் படிப்பிக்கும்போது பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "சேர், இது தாவரமா, விலங்கா?" இரண்டுமில்லை. 1866இல் ஜெர்மானியரான ஏர்ன்ஸ்ட் ஹெக்கல் இப்படிப்பட்ட உயிர்களுக்கென்றே புரோட்டிஸ்டா என்று மூன்றாவது இராச்சியம், அதாவது உயிர்களின் பெரும்பிரிவு, ஒன்றை வகுத்தார். 1969இல் அமெரிக்கரான விட்டேக்கர் சொன்ன ஐந்து இராச்சியங்களிலும் அது இருந்தது. நம்மில் பலர் படித்தது அந்தப் பாடம்தான். பிறகு டி.என்.ஏ.யை ஒப்பிட்டுப் பார்த்தபோது, புரோட்டிஸ்டா ஒரே குடும்பமில்லை என்று தெரிந்தது. கருவுள்ள கலம் கொண்டவற்றில் தாவரம், விலங்கு, பங்கசு எனும் பூஞ்சணம் தவிர்ந்த மிச்சத்தையெல்லாம் ஓரிடத்தில் போட்டு வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். உருளைக்கிழங்குச் செடியைக் கருக்கி 1845இல் அயர்லாந்தைப் பஞ்சத்தில் தள்ளிய கிருமியைப் பங்கசு என்றே நெடுங்காலம் நினைத்தார்கள். அதற்கு உறவு யார் தெரியுமா? நம் கரையில் ஒதுங்கும் கபிலநிறக் கடற்சாதாளை!

ஆகவே உருவத்தை வைத்து உறவு சொல்லக்கூடாது. நொக்டிலூக்கா டைனோபிளாஜலேற்று என்ற கூட்டத்தைச் சேர்ந்தது. நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவில் கண்ணாடி போட்டு மூழ்கிப் பார்த்திருப்பீர்கள். அங்கே முருகைக்கல்லுக்குள் குடியிருந்து, வெயிலைக்கொண்டு உணவாக்கி, வீட்டுக்காரருக்கும் ஊட்டுவது அதே கூட்டம்தான். முருகையின் மண்ணிறமும் பெரும்பாலும் அவற்றுடையதே. கடல் வழக்கத்தைவிடச் சூடாகி அப்படியே வாரக்கணக்கில் நின்றால், முருகை அவற்றை வெளியே தள்ளிவிடும். நிறம் போய் வெளுக்கும். சூடு தணியாவிட்டால் பட்டினியில் சாகும். 1998இல் இந்து சமுத்திரத்தின் பல இடங்களில் அந்தப் பேரழிவு நடந்தது. எனவே அங்கே போகிறவர்களே, ஏற்கெனவே வெப்பத்தோடு போராடுகிற முருகையின் மேல் தயவுசெய்து கால் வைக்காதீர்கள். நங்கூரமும் போடாதீர்கள்.

நேரம் முடிகிறதென்று கலையகக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை காட்டுகிறார்கள். மலேரியாவைப் பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நுளம்பு கொண்டுவரும் அந்த ஒட்டுண்ணியும் இந்த டைனோபிளாஜலேற்றுகளுக்கு நெருங்கிய சொந்தம். ஒருகாலத்தில் வெயிலைக்கொண்டு உணவாக்கிய மூதாதையின் பச்சையவுருமணி, அதாவது அந்த வேலையைச் செய்த நுண்ணுறுப்பு, நிறமிழந்து சுருங்கி, இன்றும் அதற்குள் இருக்கிறது. அது பழுதானால் ஒட்டுண்ணி பிழைக்காது. டொக்சிசைக்கிளின் மருந்து தாக்குவது அந்த இடத்தைத்தான். நம் நாட்டில் உள்ளூர்த் தொற்று கடைசியாகக் காணப்பட்டது 2012இல். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று அறிவித்தது. ஆனால் நுளம்பு இன்னும் இருக்கிறது. மலேரியா உள்ள நாட்டுக்குப் போய்வந்து காய்ச்சல் கண்டால், போன இடத்தை வைத்தியரிடம் சொல்லி இரத்தத்தைச் சோதிக்கக் கேளுங்கள். நன்றி, வணக்கம்.